விடச் சொல்லும் குரல்

பெரிய கண்ணாடி தூக்கும் வேலையில் ஒரு ஆள் மட்டும் எதையும் தூக்குவதில்லை. நான்கு பேர் காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப்புகளைக் கண்ணாடியில் பதித்து, அவற்றின் கைப்பிடியைப் பிடித்துச் சுமப்பார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். கண்ணாடிக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் ஒருவர். ஐந்தாவது ஆள் அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு போக வேண்டும். "இடது கொஞ்சம். நில்லுங்க. இங்க ஒரு படி. மெதுவா." சுமக்கிறவர்களின் கண் கண்ணாடியை விட்டு அகலக் கூடாது. அவர்களுக்கு வழி என்பது அந்தக் குரல்தான். பட்டறையில் அந்த வேலைக்கே 'குரல்' என்று பேர். அவள் அந்தப் பட்டறையின் குரல்.

குரலுக்கு ஒரு சொல் உண்டு. கண்ணாடி நழுவுகிறது, இனி அதைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால் "விடுங்க" என்பாள். அதற்கு மேல் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. கையைத் திறந்து, பின்னால் குதித்து, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டால் கண்ணாடி நேராகக் கீழே இறங்கி நொறுங்கும், அவ்வளவுதான். ஒருவர் விட்டு ஒருவர் பிடித்தால்தான் ஆபத்து. அது கதவு மாதிரித் திரும்பும், கத்தி மாதிரி வெட்டும். அதனால் பட்டறைக்குள் அந்தச் சொல்லை வேறு எதற்கும் செலவு செய்வதில்லை. "லீவு விடுங்க" என்று யாரும் கேட்கமாட்டார்கள், "லீவு வேணும்" என்பார்கள். இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் விலக்கப் போகிறவன் "விடுங்கப்பா" என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு "போதும்பா" என்பான்.

இந்த ஒழுங்கு அவளுடைய ஆட்களுக்குத் தெரியும். அவளுடைய ஆட்கள் என்றால், பட்டறையில் மிஞ்சியிருந்த அவளுடைய சொந்தத் தம்பியும், எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடும் நெட்டையனும். அடுத்த தெருவில் இருந்த இன்னொரு கண்ணாடிப் பட்டறை மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் லாரியோடு சேர்த்து இங்கே வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

வந்தவர்களில் முக்கியமானவர் உடும்பு. அகன்ற தோள், குட்டை விரல்கள். அவருக்கு அந்தப் பேர் வந்த காரணத்தை அவர் கையைப் பார்த்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. அவர் பட்டறையில் குரல் என்று தனியாக யாரும் இல்லை. பின்னால் நிற்கும் உடும்பு "ம்" என்றால் நடப்பார்கள், "ம்ம்" என்றால் நிற்பார்கள். கண்ணாடியை விடுவது என்ற பேச்சே அங்கே கிடையாது. கை போனாலும் கண்ணாடி போகக் கூடாது என்பது அவர்கள் பெருமை. அவரோடு அவருடைய சொந்தத் தம்பியும் வந்தார். அவரைச் சின்னவர் என்றார்கள். லாரி ஓட்டிக்கொண்டு டிரைவர் வந்தான்.

முதல் வாரங்களில் ஒரே மரியாதை. புதுச் சம்பந்திகள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, "நீங்க எடுத்துக்கங்க", "பரவாயில்ல, நீங்க முதல்ல" என்று டீ ஆறிப்போகும். அவள் ஒரு நாள் உடும்பைத் தனியாகப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, இங்க ஒரு பழக்கம் இருக்கு. நான் விடச் சொன்னா விட்டுடணும்."

"சரிம்மா, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்பது சரி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வந்த புதிதில் வயதில் மூத்தவரிடம் அதற்கு மேல் அழுத்த மனம் வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வினோதமான கோளாறு வந்தது. சுமக்கிறவர்களுக்குக் கை வேர்க்கும், அதற்குத்தான் கையுறை. எதையும் சுமக்காத அவளுடைய கை வேர்த்தது.

துணிக்கடை ஒன்றின் முகப்புக்குக் கண்ணாடி கொண்டுபோன அன்று அது நடந்தது. லாரியிலிருந்து இறக்கி நடைபாதை முனையைத் திரும்பும்போது குறுக்குத் தெருவிலிருந்து காற்று வந்தது. பெரிய காற்று இல்லை; ஒரு கதவைச் சாத்துகிற அளவுக் காற்று. ஆனால் அந்த அகலக் கண்ணாடிக்கு அது போதும். மேல்விளிம்பு சாய்வதை அவள் பார்த்தாள். முன்பக்கக் கப்பு ஒன்று வாய் பிளந்து கழல்வதையும் பார்த்தாள். "விடுங்க" என்றாள்.

முன்னால் இருந்த தம்பியும் ஒட்டகமும் விட்டுவிட்டுக் குதித்தார்கள். கண்ணாடி இறங்கவில்லை, திரும்பியது. பின்னால் ஏதோ ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் உடைந்த சத்தம், அதன் நடுவில் சின்னவரின் "அம்மா" என்ற முனகல். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே கோடு. டிரைவர் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, அவரை லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்களுக்குப் பழைய பலம் வராது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றோடு மரியாதை போயிற்று.

"நானும் என் தம்பியும் பிடிச்சோம்" என்றார் உடும்பு, பட்டறை நடுவில் நின்று. "முன்னால நின்ன ரெண்டு வீரனும் ஓடிட்டாங்க. பாரம் பூரா எங்க மேல. இதுக்குப் பேரு ஒழுங்கா?"

"நீங்க விட்டிருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான் அவள் தம்பி.

"நீ பேசாத. பிடிக்கத் தெரியாதவன் கைக்கு விடுறது ஒரு வித்தை."

"உங்களுக்குப் பிடிக்க மட்டும்தான தெரியும். புலிவாலப் பிடிச்ச கதை."

ஒட்டகம் நடுவில் வந்து "போதும்பா, போதும்" என்றான். ஆத்திரத்திலும் அவன் சொல் தவறவில்லை என்பதை அவள் கவனித்தாள். அதில் ஒரு துளி ஆறுதல்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. உடும்பு அவள் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த நாளிலிருந்து டீ இரண்டு இடத்தில் குடிக்கப்பட்டது. லாரிக்கு இந்தப்பக்கம் இவர்கள், அந்தப்பக்கம் அவர்கள். டிரைவர் மட்டும் லாரியிலேயே உட்கார்ந்து குடித்தான். "நான் எல்லைக் காவல்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜரிடம் போனாள். அவர் அளவெடுக்கும் டேப்பை இழுத்து இழுத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "எல்லாரும் வயசுக்கு வந்தவங்க. உக்காந்து பேசித் தீத்துக்கங்க" என்றார். பேசித் தீர்க்கச் சொல்கிறவர்கள் பேச்சு ஆரம்பிக்கும்போது அங்கே இருப்பதில்லை. அவருக்கும் வெளியே வேலை இருந்தது.

வீட்டில் கணவர் பஸ் கண்டக்டர். சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்.

"நான் விசில் அடிச்சா டிரைவர் நிப்பாட்டுறான்" என்றார் அவர். "எதுக்குன்னு கேக்கறதில்ல. கேட்டுட்டு நிப்பாட்டினா ஒருத்தன் சக்கரத்துக்கு அடியில கிடப்பான்."

"நிப்பாட்டாத டிரைவரா இருந்தா?"

"அவன் வண்டில நான் ஏறமாட்டேன். டூட்டி மாத்தி வாங்கிக்குவேன்."

"எனக்கு இருக்கிறது ஒரே வண்டிங்க."

அவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அவள் அதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கேள்வி ஒன்றுதான். அடுத்த முறை சொன்னால் அந்த மனிதர் கையைத் திறப்பாரா? திறக்கமாட்டார் என்றால் சொல்லலாமா? சொன்னால் தன் ஆட்கள் விடுவார்கள், அவர் பிடிப்பார், இன்னொரு கை போகும். சொல்லாவிட்டால் எல்லாருடைய கையும் போகும். தினமும் பட்டறைக் கதவைத் திறக்கும்போது இந்தக் கணக்கு அவளுக்கு முன்னால் உள்ளே போய் நின்றது.

சூடு கண்ட பூனை என்பார்களே, அவள் அப்படி ஆகிப்போனாள். ஒரு அடுக்குமாடி வீட்டின் குளியலறைக்குச் சின்னக் கண்ணாடி ஒன்று. மூன்று பேர் போதும். தம்பி, ஒட்டகம், பின்னால் உடும்பு. நடைவழியில் போகும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். கப்பு கழல்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும். யோசிப்பதற்குள் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

தம்பியும் ஒட்டகமும் விட்டுத் திரும்பிக்கொண்டார்கள். உடும்பு விடவில்லை. சாய்ந்த கண்ணாடியை நெஞ்சோடு அணைத்து, அப்படியே மண்டியிட்டுச் சரிந்து, அதன் கீழ்விளிம்பைத் தன் இரண்டு பூட்ஸின் மேலும் நிறுத்திவிட்டார். ஒரு கீறல் இல்லை. கிறீச் என்றது கண்ணாடிக்கு வழி விட்டு ஒதுங்கிய டிரைவரின் செருப்பு.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் உடும்பு, மண்டியிட்டபடியே. "உங்க அக்காவுக்குச் செருப்பும் பேய்."

இந்த முறை சிரித்தார்கள். ஒட்டகம்கூட லேசாக. அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அவள் அதன் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அது அவர் தாடைக்குக் கீழே, கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் சிரிக்கச் சிரிக்க அந்த இடத்தில் தோல் விளிம்பில் உரசியது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, கோச்சுக்காத. இன்னிக்கு அவர் பிடிக்கலைன்னா வீணா ஒரு கண்ணாடி போயிருக்கும்."

"கண்ணாடி அவர் கழுத்துல இருந்துச்சு. பாத்தியா?"

"பாக்கல. நான்தான் திரும்பிட்டேனே."

"திரும்பச் சொன்னதுனால திரும்பின."

"ஆமா. ஆனா அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் முடிக்கச் சொல்லவில்லை. முடிக்காத அந்த வாக்கியம் அவளுக்கு முழுதாகவே கேட்டுவிட்டது. இதுவரை அவள் பயம் ஒரு ஆளைப் பற்றியது. இப்போது சொந்தத் தம்பியும் ஒரு கண நேரம் தயங்குவான். ஒரு கண நேரம் போதும்.

மறுவாரம் மேனேஜரிடம் ஒரே ஒரு அனுமதி கேட்டாள். வேலை தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம், கொல்லையில், ஒரு பழைய பிளைவுட் பலகையை வைத்துப் பழக வேண்டும். தரையில் சாக்கு விரித்துக்கொள்கிறோம். பிளைவுட் உடையாது, யாரையும் வெட்டாது. மேனேஜருக்கு அதில் ஆட்சேபணை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

அன்று காலை சின்னவரும் வந்திருந்தார். கைக்கட்டு அவிழ்த்தாகிவிட்டது, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அண்ணனோடு வந்து ஒரு காலி டின்னின் மேல் உட்கார்ந்தார். வடு புதிதாக, சிவப்பாக இருந்தது. யாரும் அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள்.

தூக்கினார்கள். நடந்தார்கள். "விடுங்க" என்றாள். தம்பியும் ஒட்டகமும் விட்டார்கள். பலகையின் ஒரு முனை சாக்கில் இடித்தது; மறுமுனை உடும்பின் கையில்.

"அண்ணே, விடணும்."

"பலகையை எதுக்கும்மா விடணும்? இது என்ன, கடிக்குமா?"

மறுபடியும். மறுபடியும் அதே. டிரைவர் "உடும்பு செத்தாதான் பிடி விடுமாம்" என்றான். மூன்றாவது முறையும் பலகை அவர் கையில் நின்றபோது தம்பி கையுறையைக் கழற்றிக் கீழே போட்டான்.

"இந்தாளோட நான் தூக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

"போடா. உன்னை நம்பித்தானே என் தம்பி கையக் குடுத்தான். நாங்க ரெண்டு பேரும் உயிரக் குடுத்துப் பிடிச்சிட்டிருந்தப்ப..."

"அண்ணே" என்றார் சின்னவர் டின்னின் மேலிருந்து. "நான் பிடிக்கல."

உடும்பு அவர் பக்கம் திரும்பினார்.

"அக்கா சொன்னதும் நான் விட்டுட்டேன். நீ மட்டும்தான் பிடிச்ச. அதான் அது உன் கையிலேந்து சுத்தி என் மேல வந்துச்சு."

"என்னடா சொல்ற?"

"விட்டுட்டு ஒரு எட்டு பின்னால வச்சேன். இன்னொரு எட்டு வைக்கிறதுக்குள்ள வந்துடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் ரெண்டு பேரும் பிடிச்சோம், ரெண்டு பேரும் பிடிச்சோம்னு சொல்லிட்டிருந்த."

உடும்பு பலகையை மெல்லக் கீழே வைத்தார். விடவில்லை, வைத்தார். வைத்துவிட்டு முன்கதவு வழியாக வெளியே போனார். அன்று அவர் திரும்பவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். தான் சொன்னது சரி என்று ஊரறிய ஆகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தப்பு தெரியாத மனிதர் பிடிவாதமாகப் பிடிப்பார் என்பதாவது அவளுக்குத் தெரிந்த விஷயம். தப்பு தெரிந்துவிட்ட மனிதர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கை இனி எதையுமே சரியாகப் பிடிக்காமல் போய்விடலாம், அதுவும் ஆபத்துதான்.

மூன்றாம் நாள் வந்தார். முகம் மழிக்காமல் இருந்தது. நேராக அவளிடம் வந்து, அவள் தோளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"திருப்பத்துல உனக்குப் பின்பக்கம் தெரியுதா?"

"தெரியாதுண்ணே. முன்னாடி நிக்கிற ரெண்டு பேர்தான் தெரியும்."

"அப்ப பின்பக்கத்துக்கு ஒரு கண்ணு வேணும். என் தம்பிய நிறுத்து. அவன் கை தூக்காது. வாய் வேலை செய்யுது, அன்னிக்குப் பாத்தேல்ல."

இத்தனை காலம் அந்தச் சொல் அவளுடையது மட்டும்தான். அவள் தம்பி கேட்டதும் குதித்தான். "ஒரே உறையில ரெண்டு கத்தியாக்கா? நாளைக்கு யார் பேச்ச நாங்க கேக்கறது?"

"ஒரு கத்திக்குப் பின்பக்கம் தெரியலையேடா" என்றாள். ஒரு ஏற்பாடு செய்தாள். வழி சொல்வது அவள் மட்டும். விடச் சொல்வது இருவரில் யாரும். யார் சொன்னாலும் ஒன்றுதான்.

அதன்பிறகு தினமும் காலையில் கொல்லையில் பலகை விழுந்தது. அக்கம்பக்கத்தார் மதில் மேல் எட்டிப் பார்த்தார்கள். பலகையைத் தூக்கித் தூக்கிக் கீழே போடுவதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் என்று பேர் வந்தது. அவள் ஜோடியை மாற்றினாள். உடும்புக்கு எதிரே தன் தம்பியை நிறுத்தினாள். எலியும் பூனையும். "நீங்க லேட்டு", "நீ முன்கூட்டியே ஓடுற" என்று தினமும் வாய்ச்சண்டை. ஒரு நாள் கையுறைக்காகச் சண்டை. ஒரு நாள் யார் கப்பைத் துடைக்கவில்லை என்று சண்டை. சண்டை முன்பும் இருந்தது. ஆனால் முன்பு லாரிக்கு இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார்கள், இப்போது நேருக்கு நேர் போட்டார்கள். அதனால் டீ எப்போது ஒரே இடத்துக்கு வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. டிரைவர் லாரியை விட்டு இறங்கி நான்காவது சுமையாள் ஆனான்.

உடும்பு பலகையை விடக் கற்றுக்கொண்டார். முதலில் தாமதமாக, பிறகு எல்லாரோடும். ஆனால் பலகை பலகைதான். கண்ணாடி கையில் இருக்கும்போது அவர் விடுவாரா என்பதை எந்தப் பழக்கமும் அவளுக்குச் சொல்லவில்லை. சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்துகொண்டே இருந்தன. நல்லபடியாக முடிய முடிய அவள் பயம் கூடிற்று. கேள்வி கேட்கப்படாமலே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பொது நூலகத்தின் மாடி வாசிப்பறைக்கு ஒரு தடுப்புக் கண்ணாடி வந்தது. அந்தப் பட்டறை தொட்டதிலேயே பெரியது. லிஃப்டில் ஏறாது, அகலமான கல் படிக்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் ஒரு திருப்பம். முந்தின நாளே அவளும் சின்னவரும் வெறுங்கையோடு ஏறி இறங்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் ஒரு தடித்த தூண். அவள் மேற்படிக்குப் போய்விட்டால் பின்னால் நிற்கும் உடும்பும் தம்பியும் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடுவார்கள்.

வேலை நாளன்று படிக்கட்டில் வேறு யாரும் ஏறாதபடி ஆட்களை நிறுத்தி வழியை அடைத்தாயிற்று. மேனேஜர் கீழ்க்கூடத்தில் நின்றார். முன்னால் ஒட்டகமும் டிரைவரும், பின்னால் உடும்பும் தம்பியும். சின்னவர் திருப்பத்தின் மூலையில், சுவரோடு சுவராக. முதல் வரிசைப் படிகள் ஏறினார்கள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி நிதானமாகக் கேட்டது. "ஒரு படி. நில்லுங்க. ஒரு படி." திருப்பத்தில் கண்ணாடி மெல்லத் திரும்பியது. முன்னால் இருந்த இருவரும் அடுத்த வரிசையின் முதல் படியில் கால் வைத்தார்கள். பின்னால் இருந்தவர்கள் தூணுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

"விடுங்க" என்றார் சின்னவர்.

அவளுக்குத் தெரிந்த வரை கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. கப்புகள் இறுகியிருந்தன. விளிம்பு நேராக இருந்தது. ஒட்டகம் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். டிரைவரும் பார்த்தான். அவர்களுக்குப் பழகிய குரல் அவளுடையது. அது என்ன சொல்லப்போகிறது என்று காத்திருந்தார்கள். கை கிழிந்த மனிதருக்கு எல்லாமே நழுவுகிற மாதிரித்தான் தெரியும் என்று அவள் மனதில் ஓடியது. அவளைப் பற்றி உடும்பு சொன்ன அதே பழமொழி. அது அவள் தொண்டை வரை வந்தது.

"விடுங்க" என்றாள் அவளும்.

முன்னால் இரண்டு ஜோடிக் கைகள் திறந்தன. ஒட்டகம் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம். கண்ணாடி திரும்பவில்லை. நேராகக் கீழே போனது. படிக்கல்லில் பட்டதும் அதன் உடம்பு முழுக்க வெள்ளையாகி, பிறகு இல்லாமல் போயிற்று. சத்தம் கட்டடம் முழுக்க உருண்டது. துண்டுகள் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருந்தன. அது ஓயும் வரை அவளால் தூணுக்குப் பின்னால் என்ன என்று பார்க்க முடியவில்லை.

"அண்ணே" என்றாள். பதில் இல்லை. "தம்பி." அதற்கும் இல்லை.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்க இடம் தேடித் தேடி இறங்கினாள். தம்பி ஒரு சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். எதிர்ச் சுவரோரம் உடும்பு. இரண்டு கைகளும் உடம்பை விட்டுத் தள்ளி, விரல்கள் விரிந்து இருந்தன. அவற்றை அவர் வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கப்பு ஒரு துண்டுக் கண்ணாடியைக் கவ்வியபடி தரையில் கிடந்தது. தம்பியின் கப்பு சுத்தமாக, எதுவும் ஒட்டாமல் தனியே கிடந்தது. அது முன்பே கழன்றதா, விழுந்தபிறகு கழன்றதா என்று சொல்ல இனி யாராலும் முடியாது.

"எனக்கு அது வாய் பிளந்த மாதிரி தெரிஞ்சுது" என்றார் சின்னவர். உதடு வெளுத்திருந்தது. "தெரிஞ்சுதுன்னுதான் நினைக்கிறேன். அக்கா, ஒருவேளை நான்..."

"எனக்கும் தெரியாது" என்றாள். "தம்பி, உனக்குக் கையில ஏதாவது தெரிஞ்சுதா?"

"சத்தியமா தெரியலக்கா. ரெண்டு பேரும் சொன்னீங்க, விட்டேன்."

மேனேஜர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தார், டேப்பைப் பையிலிருந்து எடுத்தார், மறுபடி பையில் போட்டார்.

"யார் சொன்னது?"

"நான்" என்றாள் அவள்.

"முதல்ல நான்" என்றார் சின்னவர்.

"முதல்ல யாருக்கு அடின்னு கேளுங்க சார்" என்றார் உடும்பு.

மேனேஜர் அவரைப் பார்த்தார். "யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

மேனேஜர் எல்லாருடைய கைகளையும் ஒரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்து, அதே அளவில் இன்னொன்று வேண்டும் என்று யாரிடமோ பேசிக்கொண்டே இறங்கினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று டிரைவர் முணுமுணுத்தான். "தலைப்பாகை பெரிசுடா" என்றான் ஒட்டகம்.

அவள் படியில் உட்காரப் போனாள்.

"அங்க உக்காராதம்மா, தூள் கிடக்கும்" என்றார் உடும்பு. துடைப்பத்தை எடுத்து ஒரு படியை மட்டும் கூட்டிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்ததும் மறுபடி வேர்த்தது. அடுத்த கண்ணாடி வரும். இதே படிக்கட்டு, இதே தூண். அதைப் பற்றி இப்போதே பேசிவிடுவது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, அடுத்த தடவை திருப்பத்துல நீங்க உள்பக்கம் நில்லுங்க. தூணை ஒட்டி. பாரம் அந்தப் பக்கம்தான் சாயுது."

"அது சரிப்படாது."

"ஏன் சரிப்படாது?" என்றான் தம்பி, கூட்டிக்கொண்டே. "அக்கா சொல்றது சரி. நீங்க எப்பவும் வெளிப்பக்கம்தான் கேப்பீங்க."

"நீ வாய மூடுடா. வந்து நின்னு பாரு இங்க." உடும்பு தூணை ஒட்டிப் போய் நின்று, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்துக் காட்டினார். முதுகு தூணில் இடித்தது. "பின்னால தூண். பக்கத்துல சுவர். விட்டுட்டு நான் எங்க குதிப்பேன்?"

அவள் எழுந்து போய் அவர் நின்ற இடத்தில் தானும் நின்று, எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள்.